பிடித்த எதிராளி

மலர்க் குழுத் தம்பிகள் வந்து, "சார், வரலாறு எழுதுங்க. ஆனா போரடிக்காம எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். போர் இல்லாமல் வரலாறு எழுதுவது எப்படி? ஆகவே ரத்தம் சிந்தாத ஒரு போரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 64 கட்டம், ஆளுக்கு 16 காய், எதிரே ஓர் ஆள். நாடுகள் அணி அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாடில் நம் நாட்டுக்கு வாய்த்த எதிராளிகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர்களில் நமக்குப் 'பிடித்த' எதிராளி யார் என்பதுதான் கேள்வி.

எதிராளியில் பிடித்தவன் என்று ஒருத்தன் உண்டா என்று கேட்கலாம். வேறு ஊர்க்காரர்கள் கேட்கட்டும். மதுரைக்காரர்கள் கேட்கக் கூடாது. நம் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாருங்கள். அவன் பெயருக்கு முன்னால் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் அடைமொழி 'தலையாலங்கானத்துச் செருவென்ற' என்பது. அந்தப் போரில் அவனை எதிர்த்தவர்கள் சேரன், சோழன் என்ற இரு பெருவேந்தர்கள்; கூடவே ஐந்து வேளிர். எதிரே நின்றவர்கள் யாரோ எவரோ என்றிருந்தால் அந்த வெற்றியைப் புலவர்கள் பாடியிருப்பார்களா? எதிரியின் உயரம்தான் அவன் புகழுக்கு அளவுகோல் ஆயிற்று.

இவ்வளவு தூரம் போவானேன்? மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கபடிப் போட்டி நடக்கும் இடத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். "அந்த ஊரு டீமு வந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த டீமு போன வருஷம் இவர்களைத் தோற்கடித்த டீமாக இருக்கும். அது வராவிட்டால் கோப்பை கையில் வந்தாலும் முகத்தில் களை இருக்காது. அலங்காநல்லூரில், பாலமேட்டில் சாது மாட்டைப் பிடித்தவனைப் பற்றி யாராவது மறுநாள் பேசியதுண்டா? அந்தப் பொருளில்தான் 'பிடித்த' என்ற சொல்லை இங்கே போட்டிருக்கிறேன். நாம் சுலபமாக ஜெயிக்கிற ஆளை அந்தச் சொல் குறிக்காது. யாரோடு ஆடினால் நாம் ஒரு படி ஏறுவோமோ அந்த ஆளைக் குறிக்கும்.

ஒலிம்பியாட் எப்படி நடக்கிறது?

மாணவர்களுக்காக முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். உலகச் செஸ் கூட்டமைப்பான 'ஃபிடே' 1924-ல் பாரிஸ் நகரில் தோன்றியது. முதல் ஒலிம்பியாட் 1927-ல் லண்டனில் நடந்தது. 16 நாடுகள் வந்தன, ஹங்கேரி வென்றது. பெண்களுக்கான ஒலிம்பியாட் 1957-ல் ஹாலந்தின் எம்மன் நகரில் தொடங்கியது.

ஓர் அணிக்கு ஐந்து பேர். நாலு பேர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று ஆட்டக்காரர். நாலு பலகையிலும் சேர்த்து இரண்டரைப் புள்ளி எடுத்துவிட்டால் அந்த மோதல் நமது. முன்பெல்லாம் பலகையில் எடுத்த புள்ளிகளை மொத்தமாகக் கூட்டித்தான் இடம் தீர்மானிப்பார்கள். 2008-ல் டிரெஸ்டன் ஒலிம்பியாடிலிருந்து மோதலை வென்றால் 2, சமன் என்றால் 1 என்று கணக்கு மாறிவிட்டது. மொத்தம் 11 சுற்று.

யாரோடு யார் மோதுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆரம்ப காலத்தில் அணிகள் குறைவு, எல்லோரும் எல்லோரோடும் ஆடினார்கள். பிறகு கூட்டம் பெருகியதும் முதலில் சிறு சிறு பிரிவுகளாக ஆடவிட்டு, தேறியவர்களை மேல் இறுதிப் பிரிவுக்கும், மற்றவர்களைக் கீழ்ப் பிரிவுகளுக்கும் அனுப்பினார்கள். 1976-ல் ஹைஃபா ஒலிம்பியாடில் 'ஸ்விஸ்' முறை வந்தது. அதன்படி முதல் சுற்றில் வரிசையின் மேல் பாதி கீழ்ப் பாதியோடு மோதும். அதன் பின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருக்கிறவர்கள் மோதுவார்கள். ஒருமுறை மோதியவர்கள் அதே போட்டியில் மறுபடி மோத மாட்டார்கள். ஆக, உலகச் சாம்பியன் இருக்கிற அணியோடு உட்கார வேண்டுமானால் ஒன்று முதல் சுற்றில் அதிர்ஷ்டம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த உயரத்துக்கு நாமே ஏறியிருக்க வேண்டும். இதைக் கடைசியில் மறுபடி சொல்வேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு கொடியின் கீழே ஒருவர்

இந்தியா அணி அனுப்புவதற்கு முன்பே ஓர் இந்தியர் ஒலிம்பியாடில் ஆடிவிட்டார். மீர் சுல்தான் கான், பஞ்சாப்காரர். 1929-ல் தன் எஜமானரான சர் உமர் ஹயாத் கானுடன் இங்கிலாந்து போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன். பிறகு 1932, 1933-லும் அவரே. 1930, 1931, 1933 ஆகிய மூன்று ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். 1931 பிராக் ஒலிம்பியாடில் ஃப்ளோரையும் ரூபின்ஸ்டைனையும் வென்றார். உலகச் சாம்பியன் அலெகைனோடு டிரா செய்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்தில் அது மலையைப் புரட்டிய காரியம். நம் நாட்டு ஆட்ட விதிகளில் வளர்ந்தவர், சர்வதேச விதிகளைப் பிற்பாடு பழகியவர், வந்து உட்கார்ந்து இவர்களை வென்றார். 1933-க்குப் பின் எஜமானரோடு ஊர் திரும்பினார். பெரிய போட்டிகளில் பிறகு அவர் பெயர் இல்லை. 1966-ல் சர்கோதாவில் மறைந்தார். கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை ஃபிடே அவருக்கு 2024-ல்தான் கொடுத்தது. பிடித்த எதிராளிகளைத் தேடி ஆட ஒரு நாட்டு அணி வேண்டும், அந்த அணிக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்பதை அவர் கதை சொல்கிறது.

திண்ணையிலிருந்து லைப்சிக் வரை

இந்தியா முதலில் அணி அனுப்பியது 1956 மாஸ்கோ ஒலிம்பியாடுக்கு. 34 நாடுகள் வந்திருந்தன. நம்மவர்களால் முன்வரிசைக்கு வர முடியவில்லை. வருவது எப்படி? நம் ஊர்த் திண்ணைகளில் ஆடிய ஆட்டமே வேறு. சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும். செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரைத் தாவல் தாவலாம். கோட்டை கட்டுவது என்பதே கிடையாது. அந்த ஆட்டத்தில் கை தேர்ந்த பெரியவர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருத்தர் இருந்தார்கள். ஆனால் சர்வதேச ஆட்டத்தில் முதல் பத்துக் காய் நகர்த்தலுக்கே புத்தகம் புத்தகமாக ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பள்ளத்தை நிரப்பியவர் மானுவேல் ஆரோன். 1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசியச் சாம்பியன். 1961-ல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர். அர்ஜுனா விருது பெற்ற முதல் செஸ் ஆட்டக்காரரும் அவரே.

1960-ல் லைப்சிக் ஒலிம்பியாட், 40 நாடுகள். உலகச் சாம்பியன் தாலும், 17 வயது ஃபிஷரும் மோதி டிரா செய்த அந்தப் புகழ்பெற்ற ஆட்டம் அங்கேதான் நடந்தது. அதே ஒலிம்பியாடில் நம் ஆரோன், ஹாலந்தின் மாக்ஸ் யூவேயை வென்றார். யூவே லேசுப்பட்ட ஆள் இல்லை. 1935-ல் அலெகைனையே வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனவர். பின்னால் 1970 முதல் 1978 வரை ஃபிடேயின் தலைவராக இருந்தவர். ஆரோன் 1962 ஸ்டாக்ஹோம் இண்டர்ஸோனல் போட்டியில் கடைசி இடம்தான் பிடித்தார். ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மனையும் வென்றார். கடைசி இடத்தில் வந்தவர் என்று அட்டவணை சொல்லும். அந்த இரண்டு பெயர்களும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. பார்க்கத் தெரிந்தவனுக்கு அவை கண்ணில் படும்.

என்னைக் கேட்டால், 2024-ன் தங்கத்தைக் கொண்டாடுகிற நாம் 1956-க்கும் 1980-க்கும் நடுவே தோற்றுத் தோற்று ஆடின அந்தத் தலைமுறையை மறப்பது நன்றி கெட்ட காரியம். அவர்கள் போகாவிட்டால் அட்டவணையில் நம் நாட்டுப் பெயரே இருந்திருக்காது.

வாத்தியாரே எதிராளி

இனி முதல் பெரிய எதிராளிக்கு வருவோம்: சோவியத் யூனியன். 1952-ல் ஹெல்சிங்கியில் முதன்முறை வந்தார்கள், தங்கம் வாங்கினார்கள். 1990 வரை கலந்துகொண்ட ஒலிம்பியாடுகள் 19. அதில் தங்கம் 18. 1978-ல் புவெனஸ் ஏர்ஸில் மட்டும் ஹங்கேரி அவர்களை ஒரு புள்ளியில் முந்தியது. இப்படி ஓர் ஆதிக்கம் வேறெந்த விளையாட்டிலாவது உண்டா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு, சட்டென்று தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நமக்கு வாத்தியார்களும் அவர்களே. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972-ல் தாலின் பெயரால் ஒரு செஸ் கிளப் தொடங்கியது. ஆரோன் அதை வளர்த்தெடுத்தார். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக அங்கே ஆடிப் பழகினார். 14 வயதில், 1984 தெசலோனிகி ஒலிம்பியாடில் இந்திய அணியில் உட்கார்ந்தார். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர்.

மதுரையில் எங்களுக்குக் கிளப் இல்லை, புத்தகம் இருந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சோவியத் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. பஸ் சார்ஜை மிச்சம் பிடித்து வாங்கிய ஒரே புத்தகத்தை விடுதியில் ஏழு பேர் மாற்றி மாற்றிப் படிப்போம். பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும்போது எங்கள் கல்லூரி அணிக்கும் ஒரு பிடித்த எதிராளி இருந்தது. இதே ஊரில் உள்ள இன்னொரு கல்லூரி. பெயர் வேண்டாம், பழையவர்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் அவர்களிடம் தோற்றோம். நாலாவது வருஷம் இரண்டுக்கு இரண்டு. அட்டவணை ஒட்டியதும் எங்கள் பெயரைத் தேடுவதற்கு முன்னால் அவர்கள் பெயரைத்தான் தேடுவோம். அவர்களும் அப்படித்தான் தேடினார்களாம், பின்னாளில் சொன்னார்கள்.

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. ஒரு எதிராளி போய்ப் பல எதிராளிகள் வந்தார்கள். 1992 மணிலா ஒலிம்பியாடின் மூன்று பதக்கங்களைப் பாருங்கள்: தங்கம் ரஷ்யா, வெள்ளி உஸ்பெகிஸ்தான், வெண்கலம் ஆர்மீனியா. ரஷ்யா 2002 வரை ஆறு முறை தொடர்ந்து தங்கம் வாங்கியது. பிறகு உக்ரைன் 2004, 2010. ஆர்மீனியா 2006, 2008, 2012. ஆர்மீனியாவின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம், அதாவது நம் மதுரை மாவட்டத்தின் அளவு. அந்த நாடு மூன்று முறை உலகத்தை வென்றிருக்கிறது!

ஆசியாவில் அண்டை வீட்டார்

ஆசியாவில் ஒரு காலத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த நாடு பிலிப்பைன்ஸ். 1974-ல் நீஸ் ஒலிம்பியாடில் யூஜினியோ டோரே ஆசியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். நமக்கு அது கிடைக்க மேலும் 14 வருஷம் ஆயிற்று. ஆனந்தின் தந்தையார் வேலை நிமித்தம் மணிலாவில் இருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் வரும் செஸ் புதிர்களைப் போட்டுத்தான் சிறுவன் ஆனந்த் பரிசு பரிசாக வாங்கினான் என்பது அவரே பலமுறை சொன்ன சங்கதி. பக்கத்து வீட்டுக்காரன் நமக்குப் பாடம் எடுத்த கதை இது. டோரே 2016 பாகு ஒலிம்பியாடில் 64 வயதில் ஆடித் தனிநபர் வெண்கலம் வாங்கினார். இந்த வயதில் எனக்குப் பிடித்த செய்தி அது.

அடுத்தது சீனா. 1978-ல்தான் ஒலிம்பியாடுக்கு வந்தார்கள். நமக்கு 22 வருஷம் பின்னால். ஆனால் திட்டம் போட்டு, பெண்களை முதலில் முன்னிறுத்தி வளர்ந்தார்கள். 1998-ல் பெண்கள் தங்கம். 2014, 2018-ல் பொதுப் பிரிவிலும் தங்கம். நம்மை முந்திக்கொண்டு போன அந்த நாட்டோடு ஒவ்வொரு மோதலும் நமக்குக் கணக்குப் பரீட்சை மாதிரி. 2024 புடாபெஸ்ட் ஏழாவது சுற்றில் இரண்டரைக்கு ஒன்றரை என்று ஜெயித்தோம். மூன்று பலகை டிரா. முதல் பலகையில் குகேஷ் மட்டும் வெய் யீயோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டி வென்றார். அதே ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதும் ஒரு சீனரை, டிங் லிரனை வென்றுதான்.

சமர்கண்டின் ஏழு காய்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்குப் பிடித்த எதிராளி உஸ்பெகிஸ்தான்.

வரலாற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சதுரங்கம் பிறந்தது நம் மண்ணில் என்பதை உலகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் சாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து மணந்தார் என்பது தலபுராணம். நம் நெடுஞ்செழியன் வென்ற தலையாலங்கானமும் அதே மாவட்டம்தான். இங்கே பிறந்த ஆட்டம் பாரசீகம் வழியாக மேற்கே போனது. போன வழியில் எங்கெங்கே தங்கியது? 1977-ல் சமர்கண்டை ஒட்டிய அஃப்ராசியாப் என்ற பழைய மேட்டில் தோண்டியபோது, தந்தத்தில் செதுக்கிய ஏழு சிறு உருவங்கள் கிடைத்தன. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் முந்தியவை. உலகில் கிடைத்த மிகப் பழைய செஸ் காய்கள் என்று கருதப்படுபவை. சமர்கண்ட் இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. நாம் அனுப்பிய ஆட்டத்தை அப்போதே கையில் வாங்கியவர்கள் அவர்கள். இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

2014-ல் நார்வேயின் டிரோம்ஸோவில் இந்தியப் பொது அணி முதன்முதலாகப் பதக்கம் வாங்கியது, வெண்கலம். கடைசிச் சுற்றில் நாம் வென்றது உஸ்பெகிஸ்தானை, மூன்றரைக்கு அரை. அந்த அணியில் நம் தமிழ்நாட்டின் சசிகிரண், சேதுராமன், அதிபன் ஆகிய மூவர் இருந்தார்கள்.

பிறகு 2022, மாமல்லபுரம். மாஸ்கோவில் நடக்கவிருந்த 44-வது ஒலிம்பியாட், உக்ரைன் போரால் அங்கிருந்து எடுக்கப்பட்டு, நாலே மாத அவகாசத்தில் நம்மிடம் வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' சின்னமாக எல்லா ஊர்ச் சுவரிலும் நின்றது; நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம். போட்டியை நடத்தும் நாடு என்பதால் நமக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அணி. இரண்டாவது அணியில் 16 வயது குகேஷ், பிரக்ஞானந்தா, நிகால் சரின், ரௌனக் சாத்வானி, அண்ணன் அதிபன், ஆர்.பி. ரமேஷ் கேப்டன். குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்றார். எட்டாவது சுற்றில் முதல்தர வரிசையில் இருந்த அமெரிக்காவை மூன்றுக்கு ஒன்று என்று சாய்த்தார்கள்.

பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான். அவர்களும் பொடியன்கள்தான், முதல் பலகை அப்துசத்தோரோவுக்கு 17 வயது, சிந்தாரோவுக்கு 16. பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றார். குகேஷ் நல்ல நிலையில் இருந்தார். அந்த ஆட்டத்தை ஜெயித்தால் தங்கமே கைக்கெட்டும் தூரம். நேரம் குறைந்த நெருக்கடியில் ஒரு குதிரை நகர்த்தல் பிசகியது, ஆட்டம் போயிற்று. மோதல் இரண்டுக்கு இரண்டு. குகேஷ் தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருந்த அந்தப் படத்தை மறக்க முடியாது. கடைசியில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளி. சமநிலை முறிப்பில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம். நம் பொடியன்களுக்கு வெண்கலம். பெண்கள் பிரிவிலும் உக்ரைன் தங்கம், ஜார்ஜியா வெள்ளி, நமக்கு வெண்கலம். நம் வீட்டில் நடந்த விழாவில் நமக்கு முன்னால் நின்ற நாலு நாடும் பழைய சோவியத் வீட்டுப் பிள்ளைகள்! வாத்தியார் போனாலும் பள்ளிக்கூடம் நடந்துகொண்டுதான் இருந்தது.

2024, புடாபெஸ்ட். குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜராத்தி, ஹரிகிருஷ்ணா. ஸ்ரீநாத் நாராயணன் கேப்டன். எட்டு மோதல் தொடர்ந்து வெற்றி. ஒன்பதாவது சுற்றில் மறுபடி அதே உஸ்பெகிஸ்தான், மறுபடி அதே அப்துசத்தோரோவ், சிந்தாரோவ். நாலு பலகையும் டிரா. அடுத்த சுற்றில் அமெரிக்காவை இரண்டரைக்கு ஒன்றரை, கடைசியில் ஸ்லோவேனியாவை மூன்றரைக்கு அரை. 22 புள்ளிக்கு 21. நாம் விட்ட அந்த ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டது உஸ்பெகிஸ்தான். 44 ஆட்டத்தில் நம்மவர்கள் தோற்றது ஒன்றே ஒன்று, அதுவும் அமெரிக்காவோடு நடந்த மோதலில். தங்கம் வாங்கிய ஆண்டிலும் நம்மைத் தோற்கடிக்காமல், தோற்காமல் எழுந்து போன ஒரே அணி அது. பிடித்த எதிராளிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2025 நவம்பரில் கோவாவில், ஆனந்தின் பெயரால் அமைந்த உலகக் கோப்பையை வென்றவரும் அதே சிந்தாரோவ்தான். நம் மண்ணில் வந்து நம் ஆள் பெயருள்ள கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். கோபமா வருகிறது? எனக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பெண்கள் அணி காத்திருந்த காலம்

பெண்கள் அணியைச் சொல்லாமல் விட்டால் என் பேத்தி என்னோடு பேச மாட்டாள். ஹரிகா 2004-ல் ஒலிம்பியாடுக்கு ஆடத் தொடங்கியவர். 2022-ல் நிறைமாதக் கர்ப்பிணியாக மாமல்லபுரத்தில் உட்கார்ந்து ஆடினார். கடைசிச் சுற்றுக்கு முன் தங்கம் நம் பக்கம். கடைசிச் சுற்றில் அமெரிக்கா மூன்றுக்கு ஒன்று என்று தட்டிவிட்டது. 2024-ல் எட்டாவது சுற்றில் போலந்திடம் தோல்வி, ஒன்பதாவதில் அதே அமெரிக்காவோடு சமன். அவ்வளவுதான் என்று பலர் எழுதிவிட்டார்கள். அடுத்து சீனாவை வென்று, கடைசியில் அஜர்பைஜானை மூன்றரைக்கு அரை என்று வீழ்த்தி, ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா, தானியா ஐவரும் தங்கம் வாங்கினார்கள். ஹரிகாவுக்கு அது 20 வருஷக் காத்திருப்பு. ஒரே ஒலிம்பியாடில் இரண்டு தங்கம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பழங்கதை எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் நம் கல்லூரி மாணவர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். கைபேசியில் மூன்று நிமிட ஆட்டம் பிரமாதமாக ஆடுகிறார்கள்; நான் அவர்கள் முன்னால் நிற்க முடியாது. ஆனால் பல்கலைக்கழகப் போட்டிக்குச் சில வருஷமாக நம் கல்லூரி அணி போகவில்லையாம். ஏன் என்றேன். "முதல் ரவுண்டிலேயே பெரிய டீம் வந்துரும் சார். போய்த் தோத்துட்டு வர்றதுக்கு எதுக்குப் போகணும்?" என்றான் ஒரு தம்பி. மரியாதையாகத்தான் கேட்டான்; நியாயமான கேள்வியும்கூட.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். ஸ்விஸ் முறையில் முதல் ரவுண்டில் பெரிய டீம் வருவது துரதிர்ஷ்டம் இல்லை. அந்த முறையின் விதியே அது. சின்ன அணிக்குப் பெரிய அணியோடு உட்காரும் உரிமையை முதல் ரவுண்டு சும்மா தருகிறது. இரண்டாம் ரவுண்டிலிருந்து உன் உயரத்து ஆள்தான் வருவான். அவனை ஜெயித்து ஜெயித்து மேலே போகலாம். போகாதவனுக்கு முதல் ரவுண்டும் இல்லை, கடைசி ரவுண்டும் இல்லை. லைப்சிக்கில் யூவேயின் எதிரே உட்கார்ந்தபோது ஆரோன் இண்டர்நேஷனல் மாஸ்டர்கூட இல்லை. 2022-ல் தலை கவிழ்ந்து உட்கார்ந்த குகேஷ், இரண்டு வருஷம் கழித்து அதே ஆட்களின் எதிரே போய் உட்காரத் தயங்கவில்லை. இன்னொன்று: கைபேசியில் வரும் எதிராளிக்கு முகம் இல்லை, அவன் அடுத்த வருஷமும் வருவான் என்ற உறுதி இல்லை. அணிக்கு அணி ஆடுகிறபோதுதான் எதிராளி ஞாபகத்தில் தங்குகிறான்.

பக்கத்துக் காரைக்குடியிலிருந்து பிரணேஷ் 2023 ஜனவரியில் நாட்டின் 79-வது கிராண்ட் மாஸ்டர் ஆனார். சென்னையில்தான் செஸ் என்ற காலம் போய்விட்டது. மதுரைக்கு என்ன குறை?

நம் சங்கத்தின் செயற்குழுவிலும் பேசியிருக்கிறேன். பலகைகளும், நாலு டிஜிட்டல் கடிகாரங்களும் எங்கள் வகுப்புத் தோழர்கள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்கும். வேண்டியது ஐந்து பெயர்: நாலு பேர் ஆட, ஒருவர் மாற்று. மாணவிகள் அணிக்கும் ஐந்து பெயர். உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்தால் போதும்.

அந்தப் பழைய எதிராளிக் கல்லூரி இன்றும் அணி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.